பெயர்ப்பலகை இல்லாத பட்டறையும் அப்பாவின் வீராவும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறைக்குப் பெயர் கிடையாது. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகிற சாலையில், வீடுகள் முடிந்து செம்பனை (எண்ணெய்ப் பனை) தொடங்குகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் எஞ்சின் இல்லாத ஒரு கான்சில் கார், கதவு இல்லாத ஒரு பழைய சாகா, ஒரு ரம்புத்தான் மரம். மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றுக்குக் கால் ஆடும். காத்திருக்கும் அறை அதுதான். பலகை மாட்டவில்லையா அண்ணே என்று கேட்டதற்கு, "மாட்டுனா தெரியாதவனும் வருவான் தம்பி, தெரிஞ்சவன் காடியையே முடிக்க முடியல" என்றார் பட்டறையை நடத்தும் அண்ணன்.

நான் வேலைக்குக் கொடுத்தது அப்பாவின் புரோட்டோன் வீரா கார், 1.5 லிட்டர் எஞ்சின், 1997-இல் எடுத்தது. அப்பா தோட்டத்து மருத்துவமனையில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவர், அந்தக் காலத்தில் எங்கள் லயத்துப் பக்கம் புதுக் காடி (கார்) வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதனால் அந்தக் காடி வீட்டில் எனக்கு மூத்த பிள்ளை மாதிரி. இப்போது அப்பாவுக்கு 76 வயது. சர்க்கரையால் பார்வை மங்கி, ஓட்டுவதை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. அம்மா வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் பாசாருக்கும் மட்டும் எடுப்பார். இரண்டும் சேர்த்தே நாலு கிலோமீட்டர் தாண்டாது. மீட்டரில் 121,000. கடைசி ஐந்து வருடத்தில் ஓடியது மூவாயிரம்கூட இருக்காது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள், "28 வருஷத்துக்கு 121,000தானா, எஞ்சின் புதுசு மாதிரி இருக்குமே!" நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நம் ஊரில் இப்படி எத்தனை காடி நிற்கிறது என்று தாமான் (குடியிருப்பு) பக்கம் ஒரு நடை நடந்தால் தெரியும். பிள்ளைகள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட, தாழ்வாரத்தில் ஒரு சாகாவோ ஈஸ்வாராவோ துணி போர்த்திக்கொண்டு நிற்கும். லாரிக்கும் டாக்சிக்கும் புஸ்பாக்கோம் என்கிற வாகனப் பரிசோதனை உண்டு. சொந்தக் காடிக்கு ஆண்டுதோறும் அப்படி எதுவும் இல்லை. 90 வெள்ளி (ரிங்கிட்) சாலை வரியும் காப்புறுதியும் கட்டிவிட்டால் பானெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

பிரச்சினை எப்போது வந்தது என்றால், தங்கை சிரம்பானில் வீடு வாங்கி, குடிபுகும் நாளைக் குறித்தபோது. இங்கிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். என்னுடைய மைவியில் போகலாம் என்றேன். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார், "என் காடியிலதான் வருவேன், இல்லைனா நீங்க போயிட்டு வாங்க." முன் இருக்கையில் காலை நீட்ட வசதி, அது இது என்று காரணம் சொன்னார், ஆனால் காரணம் அது இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சரி, காடி அவ்வளவு தூரம் தாங்குமா என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது இந்த அண்ணனிடம் இல்லை. டவுனில் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம், டைல்ஸ் தரை, ஏர்கோன் போட்ட கண்ணாடி அறை, காப்பி மெஷின். ஒரு பையன் வந்து எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தான், உள்பக்கம் வெள்ளையாக, வெந்நீரில் கரையாத பால்மாவு மாதிரி ஒரு பசை. மூடியை என் முகத்துக்கு நேரே காட்டி, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் தலைக்கும் அடிக்கட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு) போய்விட்டது, தண்ணீரும் எண்ணெயும் கலக்கிறது, டாப் ஓவர்ஹால் 2,600 வெள்ளி, அதற்கு பதில் ஹாஃப் கட் எஞ்சின் (வெட்டி எடுத்த பழைய காடியின் எஞ்சின்) ஒன்று இறக்கிப் போட்டால் கொஞ்சம் கூட ஆகும் ஆனால் நிம்மதி என்றார் கல்லாவில் இருந்தவர். மொத்தம் ஆறு நிமிடம். ஒரு கருவியைக்கூட எடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன், உண்மையைச் சொன்னால் அப்போது நான் அவர்கள் சொன்னதை நம்பிவிட்டேன். அந்த வெள்ளைப் பசையைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள்.

லிந்தாங் சாலை அண்ணனைச் சொன்னது ஒட்டுக்கடையில் பசியாறும்போது பக்கத்து மேசையில் இருந்த லாரிக்காரர். அண்ணன் முன்பு தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் டிராக்டரும் லாரியும் பார்த்தவராம், ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாகச் சொந்தமாகச் செய்கிறார். சனிக்கிழமை காலை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். யார் ஓட்டுறது, எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம், கடைசியா எண்ணெய் எப்ப மாத்துனது, சூடு காட்டுற ஊசி எதுவரைக்கும் ஏறும், காலையில முதல் தடவை ஸ்டார்ட் போடும்போது பின்னால புகை என்ன நிறம். அம்மா பெருமையாகச் சொன்னார், "நிறுத்தி வச்சா கெட்டுப்போயிடும்னு தினமும் காலையில சாமி கும்பிட்டுட்டு ஸ்டார்ட் போட்டு பத்து நிமிஷம் விடுவேன் அண்ணே, ஒரு நாள்கூட விட்டதில்ல." அண்ணன் தலையைக் குனிந்து சிரித்தார். "அங்கதாம்மா கோளாறு" என்றார்.

அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் முக்கியமாக எழுத வேண்டும், ஏனென்றால் இதை எத்தனையோ வருடமாக எங்கள் வீட்டில் புண்ணியம் மாதிரி செய்துகொண்டிருந்தோம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் கிளம்பும். பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகப் போய்விடும், காலையில் குழாய் நுனியில் சொட்டுவது அதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எண்ணெய் இருக்கும் பக்கம் இறங்கும். காடி அரை மணி நேரம் சாலையில் ஓடி எண்ணெய் நன்றாகச் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி பிசிவி வால்வு வழியாக உறிஞ்சப்பட்டு எரிந்துபோகும். பத்து நிமிடம் நின்ற இடத்தில் உறுமவிட்டு அணைத்தால் எண்ணெய் சூடேறுவதே இல்லை, ஈரம் மட்டும் தினமும் சேரும். எஞ்சினிலேயே குளிர்ந்த இடம் மேலே இருக்கிற அந்த மூடி, அதனால் நீர் அங்கே போய்ப் படிந்து எண்ணெயோடு கலந்து வெள்ளையாகிவிடும். பேட்டரியும் அந்தப் பத்து நிமிடத்தில் முழுதாகச் சார்ஜ் ஆகாது. அம்மா ஐந்து வருடமாக ஒவ்வொரு காலையும் ஒரு கரண்டி தண்ணீரை எஞ்சினுக்குள் ஊற்றி வந்த கதைதான்.

பிறகு எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். கறுப்பாக, பழசாக இருந்தது, ஆனால் சுத்தமான எண்ணெய், பால் கலரே இல்லை. "கேஸ்கெட் போயிருந்தா இங்கயும் தே தாரிக் மாதிரி இருக்கணும் தம்பி. மேல மட்டும் வெள்ளை, கீழ எண்ணெய் நல்லா இருக்குன்னா அது வேற வியாதி." ஆனாலும் கண்ணால் பார்த்ததோடு அவர் விடவில்லை, நான் இந்தப் பட்டறைக்கு மதிப்பெண் போடுவது இதற்காகத்தான். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றை மாட்டி 13 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்றிவிட்டு, தே ஓ (பாலில்லாத தேநீர்) குடித்துவிட்டு வந்து பார்த்தார், முள் அசையவில்லை. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, நீல நிறத் திரவம் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து மேலிருக்கும் காற்றை உறிஞ்சவிட்டார். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் அது மஞ்சளாகிவிடுமாம். ஐந்து நிமிடம் நானும் குனிந்து அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ பரீட்சை முடிவு வருவது போல. நீலமாகவே இருந்தது.

கடைசியாகக் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற அளவு. நாலு பிளக்கையும் கழற்றி, கேஜை ஒவ்வொரு துளையிலும் திருகி, என்னை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திச் சாவியைத் திருப்பச் சொன்னார். 170, 165, 155, 170. மூன்றாவதில் ஒரு சின்ன கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தபோது 165-க்கு ஏறியது. அப்படி ஏறினால் வால்வு நன்றாக இருக்கிறது, பிஸ்டன் வளையம்தான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். எண்ணெய் விட்டும் ஏறாமல் கிடந்திருந்தால் கவலைப்பட வேண்டியிருக்கும். நின்ற காடியில் வளையம் ஒட்டுவது சகஜம், ஓட ஓட விடும், விடவில்லை என்றால் ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்றார். எண்களைச் சாக்பீஸால் ஏர் பில்டர் பெட்டி மேலேயே எழுதி வைத்தார், இன்னும் அழியவில்லை.

ஏர் பில்டர் என்றதும் நினைவு வருகிறது. அந்தப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே செம்பனை நார், கந்தல் துணி, கொறித்துத் துப்பிய செம்பனைக் கொட்டை ஒரு பிடி. எலி குடும்பமே நடத்தியிருக்கிறது. பின்வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம், உதிரிப்பழம் விழுந்து கிடக்கும், தின்றுவிட்டுத் தூங்க எங்கள் வீரா. தோட்டத்துக்குள் எலியைப் பிடிக்க ஆந்தைக் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள், ஆந்தைக்குத் தாமான் தாழ்வாரம் எல்லைக்கு வெளியே போலிருக்கிறது. இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரில் இரண்டு இடத்தில் மேல்தோல் உரிந்து செம்பு தெரிந்தது. காடி சில நாள் மூன்று சிலிண்டரில் ஓடுவது போல் நடுங்கும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அண்ணனின் பட்டறைப் பையன் அதை வெட்டி ஈயம் வைத்து இணைத்து ரப்பர் குழாய் போட்டுவிட்டான், காசு வாங்கவில்லை.

உண்மையான கண்டுபிடிப்பு ரேடியேட்டர் பக்கத்தில் இருந்தது. ஊசி எதுவரை ஏறும் என்று கேட்டபோது அம்மா கால்வாசி என்றார், எங்களுக்கு அது நல்ல செய்தியாகவே பட்டிருந்தது, காடி சூடாகாமல் ஓடுகிறது என்று. அண்ணன் தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினார், உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை! எப்போதோ எந்தப் பட்டறையிலோ ஒருவர் "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று பிடுங்கிப் போட்டிருக்கிறார். இது நம் நாட்டில் பெரிய வியாதி, காடி ஒரு தடவை சூடானால் போதும், ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் முதல் நொடியிலிருந்தே ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும், எஞ்சின் தன் சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், சின்ன தூரம் ஓடும் காடி அந்தச் சூட்டுக்கு வரவே வராது. எஞ்சின் இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டி அடிக்கும், எரியாத பெட்ரோலும் எண்ணெயில் இறங்கும். தினமும் பத்து நிமிடம், தெர்மோஸ்டாட் இல்லை, பிசிவி வால்வு பசை பிடித்து அடைத்திருந்தது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 2,600 வெள்ளி "ஹெட் கேஸ்கெட்".

ரேடியேட்டரிலிருந்து வந்த தண்ணீர் தே ஓ நிறம். வருடக்கணக்கில் பைப்புத் தண்ணீரையே ஊற்றியிருக்கிறோம். இந்த 4ஜி15 எஞ்சினுக்கு, 1,468 சிசி, மிட்சுபிஷி வடிவமைத்தது, அடிக்கட்டு இரும்பு, மேல் தலை அலுமினியம். இரண்டு உலோகமும் வெறும் தண்ணீரும் சேர்ந்தால் அரிக்காமல் என்ன செய்யும், அதற்குத்தான் கூலண்ட். அதுவும் ஊற்றிவிட்டு மறந்துவிடக்கூடாது, துருவைத் தடுக்கும் மருந்து ஓடாமல் நின்றாலும் சில வருடத்தில் தீர்ந்துபோகும்.

டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கவைக்கும் ரப்பர்ப் பட்டை) மூடியின் மேல் பழைய ஒட்டி ஒன்று இருந்தது, கையெழுத்தில் 2011, 96,000 கிமீ. நான் கணக்குப் போட்டேன், அதற்குப் பிறகு ஓடியது 25,000தான், இன்னும் நிறைய பாக்கி இருக்கிறதே. அண்ணன் மூடியைக் கழற்றி, பெல்ட்டை விரலால் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். காய்ந்த வாய்க்கால் மாதிரி வெடிப்பு வெடிப்பாக இருந்தது. ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது தம்பி, வருஷம்தான் தெரியும் என்றார். பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு ரப்பரைப் பற்றி நான் என்ன சொல்ல. 80,000 அல்லது 100,000 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும் கூடவே ஐந்து வருடம் என்றும் இருக்கும், அந்த இரண்டாவது வரியை நாம் படிப்பதில்லை. நெடுஞ்சாலையில் அது அறுந்திருந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே அணைந்துவிடும், அப்பாவும் அம்மாவும் உள்ளே இருக்க, லாரிகளுக்கு நடுவில். அதை நினைத்துத்தான் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கேஸ்கெட்டைப் பார்த்து 2,600 கேட்டவர்கள் இந்தப் பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேலை என்று பார்த்தால் பெல்ட், டென்ஷனர், அதே கையோடு வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு, கூலண்ட், பிளக், பெட்ரோல் பில்டர், பிசிவி வால்வு, வால்வு கவர் கேஸ்கெட், பேட்டரி. பழைய பெட்ரோலை இறக்கினார், 18 லிட்டர், போன தீபாவளிக்கு முன்னால் நிரப்பியது, வாசனையே மாறி வார்னிஷ் கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. எண்ணெய் விஷயத்தில் ஒரு தந்திரம் செய்தார், முதலில் விலை குறைந்த மினரல் எண்ணெய் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓட்டி வரச் சொன்னார், பசையெல்லாம் அதோடு இறங்கட்டும் என்று. பிறகு அதை வடித்துவிட்டு 10டபிள்யூ-40. பழைய காடிக்குக் கெட்டியாக 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டும் என்று என் மாமா அடித்துச் சொல்வார், அதைக் கேட்டபோது, "எண்ணெய் குடிக்கிற எஞ்சினுக்கு அது சரி, இது குடிக்கல. நாள் கணக்குல நிக்கிற காடிக்கு ஸ்டார்ட் போட்டவுடனே எண்ணெய் மேல ஓடி ஏறணும்" என்றார். நின்ற காடியில் காலையில் முதல் இரண்டு நொடி டக் டக் என்று ஒரு சத்தம் கேட்குமே, எண்ணெய் எல்லாம் கீழே வடிந்துபோய் மேலே காய்ந்து கிடப்பதால் வருவது, அது இப்போது நன்றாகக் குறைந்திருக்கிறது.

மொத்தம் 1,227 வெள்ளி, கூலி 300 உட்பட. அந்த ஏழு வெள்ளியை விட்டுக்கொடுத்தார். இந்தக் காடியை விற்றால் மூவாயிரமோ நாலாயிரமோ கிடைத்தால் பெரிது, அதற்கு இவ்வளவா என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் வீராவில் ஒரு வசதி, 1993-இலிருந்து 2009 வரை செய்த காடி, சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. இதே வயதில் ஒரு ஜெர்மன் காடியாக இருந்திருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கேட்டதுமே மயக்கம் வந்திருக்கும்.

சரி, குறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இருக்கிறது, நிறையவே. நாலு நாள் என்றார், ஒன்பது நாள் ஆனது. போன் எடுக்க மாட்டார், வாட்ஸ்அப்பில் கேட்டால் இரவு பதினோரு மணிக்கு ஒரு குரல் பதிவு வரும், பின்னால் தொலைக்காட்சி சீரியல் சத்தத்தோடு, "பம்ப் இன்னும் வரல தம்பி." கார்டு, கியூஆர் எதுவும் கிடையாது, ரொக்கம்தான். ரசீது கேட்டால் ஒரு பள்ளிக்கூட நோட்டுத் தாளைக் கிழித்து எழுதித் தருவார், அதில் பாதி எழுத்து அவருக்கு மட்டும் புரியும். காடி திரும்பி வந்தபோது ஸ்டீரிங்கில் கிரீஸ், இருக்கையில் கிரீஸ், அப்பா மாட்டி வைத்திருந்த முருகன் படத்து மேலும் ஒரு விரல் தடம். அப்பா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

அதைவிட முக்கியமான குறை, எஞ்சினைத் தவிர எதையும் அவர் பார்க்கமாட்டார். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகியிருந்ததை நான்தான் வீட்டில் கண்டுபிடித்தேன், காடி பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி நகர்ந்தது. டயரும் அப்படியே. பட்டன் எல்லாம் ஆழமாக, பார்க்கப் புதிதாக இருந்தன, டயர்க் கடைப் பையன் பக்கவாட்டில் இருந்த நாலு எண்ணைக் காட்டினான், 2214. 2014-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. பதினோரு வருடம் வெயிலில் நின்ற ரப்பரில் 110-இல் போக நினைத்திருக்கிறோம். நாலையும் மாற்றியதில் இன்னொரு செலவு. இதைச் சொல்ல அண்ணனுக்கு ஒரு நொடி ஆகியிருக்கும், கேட்டால் "நான் டயர்க் கடை இல்லையே" என்கிறார்.

இன்னொன்று, ஒரு மாதம் கழித்து டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் எண்ணெய்க் கசிவு. அங்கே ஒரு ஓ ரிங் உண்டு, வருடங்கள் நின்றதில் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போயிருந்தது, வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றும்போதே சேர்த்து மாற்றியிருக்கலாம். திரும்பப் போனேன், ஒன்றும் பேசாமல் மாற்றினார், ரப்பர் வளையத்துக்கு மட்டும் மூன்று வெள்ளி வாங்கினார். என் தப்புதான் என்று சொல்லவில்லை, அவர் சொல்லும் ஆளும் இல்லை.

சிரம்பானுக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் விட்டேன். பழைய சாலையில் கோலகங்சார் போய், அங்கே நெடுஞ்சாலையில் ஏறி ஈப்போவை நோக்கி மெனோரா சுரங்கத்து ஏற்றம். அந்த ஏற்றத்தில் லாரிகள் எறும்பு மாதிரி ஊரும், பழைய காடிகள் ஓரத்தில் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஏர்கோன் போட்டு, நாலாவது கியரில், ஊசியை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினேன். நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து நின்ற ஊசி அங்கேயே நின்றது, சுரங்கத்தைத் தாண்டி இறக்கத்திலும் அங்கேயேதான். தெர்மோஸ்டாட் திறந்து மூடி வேலை செய்கிறது என்று அர்த்தம். ஈப்போ ஜெலாப்பாங்கில் இறங்கி, சாலையோரம் நிறுத்தி, மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே பொன் நிறத்தில் எண்ணெய்ப் படலம், வெள்ளை ஒரு பொட்டுக்கூட இல்லை. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், அவர் பதிலுக்கு ஒரு கைகூப்பும் படம் அனுப்பினார்.

சிரம்பான் பயணத்தில் தாப்பா ஓய்விடத்தில் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்த்தேன், திரும்பி வந்து ஒரு தடவை. போக வர 600 கிலோமீட்டருக்கு எண்ணெய் ஒரு நெல்மணி அளவு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அப்பா போகும்போது வழி முழுக்க டேஷ்போர்டு மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார், சத்தத்தைக் கையால் கேட்கிற மாதிரி. தஞ்சோங் மாலிம் தாண்டியதும், "மூணாவது சிலிண்டரு இன்னும் கொஞ்சம் சோம்பேறிதான்" என்றார். அவரிடம் நான் கம்ப்ரஷன் எண்ணைச் சொல்லவே இல்லை.

ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு அண்ணன் மறுபடி அளந்து பார்த்தார், காசு வாங்காமல். மூன்றாவது சிலிண்டர் எண்ணெய் எதுவும் விடாமலே 162. வளையம் விட ஆரம்பித்துவிட்டது.

இப்போது வீட்டில் பழக்கம் மாறியிருக்கிறது. தினமும் ஸ்டார்ட் போடுவது அறவே இல்லை. வாரத்தில் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, அம்மா அப்பாவை ஏற்றிக்கொண்டு கோலகங்சார் போய் லக்சா சாப்பிட்டு வருகிறார், போக வர 40 கிலோமீட்டருக்குப் பக்கம், எண்ணெய் நன்றாகச் சூடேறப் போதும். பெட்ரோலை நிரப்பி வைக்காமல் முப்பது வெள்ளிக்கு மேல் ஊற்றுவதில்லை, மாதக்கணக்கில் தேங்காது. எண்ணெயை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லியிருக்கிறார், 5,000 ஓடினாலும் ஓடாவிட்டாலும். ராத்திரியில் பானெட்டை ஒரு சாண் திறந்து வைக்கிறோம், வெளிச்சம் பட்டால் எலி குடிவராது என்பது அண்ணன் கணக்கு. இதுவரை வரவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுப் பூனை வந்து படுத்துக்கொள்கிறது.

ஐந்துக்கு எத்தனை என்றால், எஞ்சின் வேலைக்கு ஐந்து, மற்றதுக்கெல்லாம் இரண்டு. அவசரம் உள்ளவர்களும், வெள்ளைச் சட்டையோடு காடி எடுக்கப் போகிறவர்களும் வேறு இடம் பாருங்கள். பழைய காடி வைத்துக்கொண்டு, எவனோ ஒருவன் எஞ்சினையே மாற்றச் சொல்லிவிட்டான் என்று கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்கள் ஒரு தடவை போய் அளந்து பார்த்துவிடுங்கள், சோதனைக்கு மட்டும் என்னிடம் 50 வெள்ளி வாங்கினார், அதையும் பிறகு கூலியில் கழித்துக்கொண்டார். போவதாக இருந்தால் காலை எட்டரைக்குள் போங்கள். பத்து மணிக்கு மேல் அவர் தலை ஏதாவது ஒரு பானெட்டுக்குள் இருக்கும், கூப்பிட்டாலும் நிமிரமாட்டார். கால் ஆடாத நாற்காலி மரத்துக்கு இடப்பக்கம் இருப்பது.